லெனொக்ஸ் லூயிஸிடம் இனியும் சான்று கேட்க வேண்டாம்: லண்டன், ரொறன்ரோ தமிழ்க் குத்துச்சண்டை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் குத்துச்சண்டை அன்பர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பரில் மைக் டைசன் தமது 58ஆவது வயதில் மீண்டும் கையுறை அணிந்து மேடை ஏறியதிலிருந்து, நம்மவர்கள் கூடிப் பேசும் இடங்களில், குத்துச்சண்டையின் மிகக் கனமான எடைப் பிரிவான ஹெவிவெயிட்டின் முன்னாள் உலகச் சம்பியன் லெனொக்ஸ் லூயிஸின் பெயர் மறுபடி அடிபடத் தொடங்கியிருக்கிறது. டைசனை வீழ்த்தியவர் லூயிஸ்தானே, அவரும் ஒருமுறை வந்து பார்க்கட்டுமே என்று ஒருவர் தொடங்குவார். அந்தப் பேச்சு முடிவதற்குள், அவர் பிரித்தானியரா கனடியரா என்ற பழைய வழக்கு எழுந்துவிடும். லண்டன்காரர் அவரைத் தம் ஊர்ப் பிள்ளை என்பார். ரொறன்ரோக்காரர் ஒலிம்பிக் தங்கத்தை நினைவூட்டுவார். இடையில் யாராவது, அவர் உண்மையில் ஜமைக்கர் அல்லவா என்று கேட்டு வைப்பார். இந்த இரு விவாதங்களையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இரண்டிலும் நாம் அந்த மனிதருக்கு நியாயம் செய்யவில்லை என்று உறுதியாக நம்புவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

லூயிஸ் 1965 செப்டெம்பர் 2ஆம் திகதி கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாமில், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தார். இன்று நம் கடைகளும் கோயில்களும் நிறைந்திருக்கும் ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்து ஊர் அது. தாய் வயலட் பிழைப்புத் தேடி முதலில் கனடா சென்று, ஒன்ராறியோ மாகாணத்தின் கிச்சனர் நகரில் வேலைக்கு அமர்ந்து, பின்னர் மகனை அழைத்துக்கொண்டார். மகனுக்கு அப்போது 12 வயது. ஒருவர் முன்னே போய்க் காலூன்றுவதும், பிள்ளை பின்னால் உறவினர் வீட்டில் காத்திருப்பதும், விமானம் ஏறிப் போய் இறங்கிய ஊரில் பேச்சுவழக்கே வேறாக இருப்பதும் என்னவென்று நம் சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கிச்சனர் பள்ளிக்கூடத்தில் சக மாணவர்கள் அவருடைய கிழக்கு லண்டன் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள்; கேலி கைகலப்பில் முடிந்தது; கைகலப்பு அவரைக் குத்துச்சண்டைக் கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே ஆர்னி போம் என்ற பயிற்சியாளர் அவரைத் தம் பிள்ளைபோல வளர்த்தெடுத்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனுக்குத் திரும்பியபோது, இம்முறை அவருடைய கனடிய உச்சரிப்பைக் கேலி செய்தவர்கள் லண்டன்காரர்கள்.

1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 18 வயதுச் சிறுவனாகக் கனடாவுக்காகக் களமிறங்கிய லூயிஸ், காலிறுதியில் டைரல் பிக்ஸிடம் தோற்றார். பிக்ஸ்தான் அந்தப் பிரிவில் தங்கம் வென்றார். தோற்றவுடனேயே தொழில்முறைக்கு மாறிப் பணம் பார்த்திருக்க முடியும். அவர் மாறவில்லை, இன்னும் நான்கு ஆண்டுகள் அமெச்சூராகவே இருந்தார். 1986இல் எடின்பரோ பொதுநலவாய விளையாட்டுகளில் கனடாவுக்குத் தங்கம் பெற்றுக் கொடுத்தார். 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ரிடிக் போவை இரண்டாவது சுற்றிலேயே நடுவர் நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தார். 1932க்குப் பிறகு ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கனடா பெற்ற முதல் தங்கம் அது.

அந்த வாரத்தின் சூழலையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். சில நாட்களுக்கு முன்னர்தான், 100 மீற்றர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்ற பென் ஜோன்சன் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கத்தை இழந்திருந்தார். வென்ற அன்று கனடாவின் மைந்தனாக இருந்தவர், பிடிபட்ட பிறகு ஜமைக்காவில் பிறந்தவராகவும் குடியேறி வந்தவராகவும் ஆகிப்போனதைக் கனடாவின் கறுப்பின மக்கள் இன்றும் கசப்போடு நினைவுகூர்கிறார்கள். அதே ஜமைக்க வேர்களைக் கொண்ட இன்னொரு இளைஞன் அந்தக் காயம் ஆறுவதற்குள் தங்கத்தோடு வந்து நின்றபோது, நாடு அவரை அள்ளி அணைத்துக்கொண்டது. வென்றால் நம்மவன், தவறினால் வந்தேறி என்ற வழக்கத்தை 23 வயதில் அவ்வளவு அருகிலிருந்து பார்த்த ஒருவர், எந்தக் கொடியிடமும் தம்மை முழுதாக ஒப்படைக்கத் தயங்கியிருந்தால் அதில் என்ன வியப்பு?

ரொறன்ரோ நண்பர்கள் அடிக்கடி முன்வைக்கும் குற்றச்சாட்டு, தங்கத்தை வாங்கிக்கொண்டு பணத்துக்காக லண்டனுக்கு ஓடிவிட்டார் என்பது. ஹெவிவெயிட் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அன்று கனடாவில் என்ன இருந்தது என்பதை அவர்கள் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். உலகப் பட்டத்தை நோக்கிப் படிப்படியாகக் கொண்டுசெல்லக்கூடிய ஏற்பாட்டாளர்களும், தொலைக்காட்சிப் பணமும், ஆண்டுக்குப் பல சண்டைகளைத் தரக்கூடிய அரங்குகளும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலுமே இருந்தன. அமெரிக்க ஏற்பாட்டாளர்களின் பிடியில் சிக்காமல், தமது தொழிலைத் தாமே ஓரளவு கட்டுப்படுத்தும் வாய்ப்பைக் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பிறந்த ஊருக்கே அவர் போனார். 1989 ஜூனில் ரோயல் அல்பர்ட் மண்டபத்தில் முதல் தொழில்முறைச் சண்டை. 1990இல் ஐரோப்பியப் பட்டம், 1991 மார்ச்சில் கெரி மேசனைத் தோற்கடித்துப் பிரித்தானியப் பட்டம். படிக்கட்டில் எதையும் தாவாமல் ஏறியவர் அவர்.

1990 ஏப்ரலில், பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்களுடைய விசுவாசத்தை அளக்கலாம் என்ற பொருளில் பேசி, பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். லூயிஸ் தமது பிரித்தானிய வாழ்க்கையை மீண்டும் தொடங்கிய காலம் அது. லண்டனில் வளர்ந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தச் சோதனையைப் பள்ளி மைதானங்களில் சந்தித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதே அளவுகோலை எடுத்து நாமே இன்னொரு மனிதர்மீது வைக்கும்போது எனக்கு உள்ளூர வலிக்கிறது.

1992 ஒக்டோபர் 31ஆம் திகதி ஏர்ள்ஸ் கோர்ட் அரங்கில் நடந்த சண்டை இந்த விவாதத்தின் அபத்தத்தை முழுதாகக் காட்டும். எதிரே நின்றவர் டொனவன் ரடொக். ஜமைக்காவில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவர். இந்தப் பக்கம் லூயிஸ். ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கிச்சனரில் வளர்ந்தவர். ஒருவர் கனடாவின் வீரர், மற்றவர் பிரித்தானியாவின் வீரர் என்று அறிவிக்கப்பட்டார்கள். முதல் சுற்றின் இறுதியில் லூயிஸின் வலது கை ரடொக்கின் தலையில் இறங்கியது. இரண்டாவது சுற்றில் எல்லாம் முடிந்தது. அந்த வெற்றியால் போவோடு மோதும் உரிமை லூயிஸுக்குக் கிடைத்தது. ஆனால் அப்போது உலகச் சம்பியனாக இருந்த போவ், டிசெம்பரில் லண்டனுக்கு வந்து, செய்தியாளர்கள் முன்னிலையில் டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை மன்றம்) என்ற அமைப்பின் சம்பியன் பட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பட்டம் சண்டையின்றியே லூயிஸிடம் வந்தது. உடனே, இவர் காகிதச் சம்பியன், மேடையில் வெல்லவில்லை என்ற பேச்சு கிளம்பியது. சோலில் தம்மைத் தோற்கடித்தவரைத் தொழில்முறையில் கடைசிவரை சந்திக்காதவர் போவ்தான். சான்று காட்ட வேண்டியவராக ஆக்கப்பட்டவரோ லூயிஸ்.

அடுத்த ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில், நள்ளிரவு தாண்டிய குளிரில், ஃபிராங்க் புரூனோவுக்கு எதிராக அவர் பட்டத்தைக் காத்தார். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காகப் பிரித்தானியாவில் பிறந்த இருவர் மோதிய சண்டை அது. புரூனோவும் லண்டனில் பிறந்தவர், கரீபியப் பெற்றோரின் மகன். ஆயினும் திரண்டிருந்த கூட்டத்தின் அன்பு பெரும்பாலும் புரூனோவின் பக்கமே இருந்தது. லூயிஸ் வெளியூர்க்காரராகவே நடத்தப்பட்டார். முதல் ஆறு சுற்றுகளில் தடுமாறிய லூயிஸ், ஏழாவது சுற்றில் பக்கவாட்டில் வளைத்து வீசிய ஓர் இடது ஹூக்கால் புரூனோவை நிலைகுலைய வைத்து, கயிற்றோரத்தில் சண்டையை முடித்தார். புரூனோவின் மீதான மக்களின் அன்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவர் அந்த அன்புக்கு முழுத் தகுதியானவர். அந்த அன்பில் ஒரு பங்கு லூயிஸுக்குக் கிடைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் ஆயின என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதில் வரலாற்றுப் பொருத்தம் ஒன்றும் உண்டு. லூயிஸுக்கு முன் பிரித்தானியா உரிமை கொண்டாடிய உலக ஹெவிவெயிட் சம்பியன் பொப் ஃபிட்ஸிமன்ஸ். 1897இல் அமெரிக்காவின் கார்சன் சிட்டியில் ஜிம் கோர்பெட்டை வீழ்த்தியவர். அவர் கோர்ன்வாலில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் நியூசிலாந்து சென்று, தீமாரு நகரில் கொல்லுலையில் வேலை செய்து வளர்ந்து, அவுஸ்திரேலியாவில் சண்டையிடப் பழகி, அமெரிக்காவில் புகழ் பெற்றவர். அவரைப் பிரித்தானியர் என்று எழுத எந்த எழுத்தாளரும் பெரிதாகத் தயங்கியதில்லை. 12 வயதுவரை லண்டனில் வளர்ந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு திரும்பிவந்து, பிரித்தானியப் பட்டத்தையும் வென்ற லூயிஸுக்குத்தான் அந்தத் தயக்கம் வந்தது. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு தோலின் நிறம் என்பதை நான் சொல்லாமலே நீங்கள் உணர்வீர்கள். ஆனாலும் சொல்லிவிடுவதே நேர்மை.

கொடி அவருக்கு மேடையில் உதவியதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. 1999 மார்ச் 13ஆம் திகதி நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டனில் எவாண்டர் ஹோலிஃபீல்டை எதிர்த்து, மூன்று பெரிய அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாக்கும் சண்டையில், லூயிஸ் 348 குத்துகளைப் பதித்ததாகவும் ஹோலிஃபீல்ட் 130 மட்டுமே பதித்ததாகவும் கணக்கெடுக்கப்பட்டது. தீர்ப்பு சமநிலை. மூன்று புள்ளியாளர்களில் ஒருவர் லூயிஸுக்கும், அமெரிக்கர் ஹோலிஃபீல்டுக்கும் வெற்றி கொடுத்தார்கள்; சமநிலை என்று எழுதியவர் பிரித்தானியர். எட்டு மாதங்கள் பொறுத்து, நவம்பரில் லாஸ் வேகாஸில் மறுபடி ஏறி, இம்முறை மூவருடைய சீட்டிலும் வென்று, ஐயத்துக்கு இடமில்லாத உலகச் சம்பியனானார். அந்த ஆண்டின் இறுதியில்தான் பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை என்ற விருதைப் பிரித்தானிய மக்கள் வாக்களித்து அவருக்குக் கொடுத்தார்கள். கார்டிஃபில் கிடைக்காதது அன்று கிடைத்தது.

ஆகவே லண்டன் நண்பர்களே, அவருடைய அமெச்சூர் வாழ்க்கை முழுவதையும் கிச்சனரும் கனடாவும்தான் தாங்கின என்பதை மறைத்துவிட்டு அவரை வெறும் பிரித்தானியராக எழுதாதீர்கள். ரொறன்ரோ நண்பர்களே, தொழில்முறையில் அவர் வென்ற ஒவ்வொரு பட்டமும் பிரித்தானியராகப் பதிவான பட்டம் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். பிரித்தானிய அரசு அவருக்குச் சிபிஇ விருதையும், கனடா தனது ஆர்டர் ஒஃப் கனடா விருதையும் கொடுத்திருக்கின்றன. இரு அரசுகளுக்கும் இல்லாத சிக்கல் நமக்கு எதற்கு? ஜமைக்க வேர்களை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ரெகே இசை முழங்கத்தான் மேடைக்கு நடந்து வருவார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தாய்க்கு லண்டனில் பிறந்து, ஸ்காபரோவில் படித்து, எங்கேயோ வேலை பார்க்கும் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டால் நாம் ஒரே ஊரைச் சொல்ல மாட்டோம். லூயிஸுக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

இனி மீள்வருகை. தனி விவாதமாகத் தோன்றினாலும், இது முதல் விவாதத்தோடு ஒட்டியே இருக்கிறது என்பதற்கு ஹெவிவெயிட் வரலாற்றின் மிகக் கசப்பான அத்தியாயமே சாட்சி. 1908 டிசெம்பர் 26ஆம் திகதி சிட்னியில், ஒன்ராறியோவில் பிறந்த கனடியரான டொமி பேர்ன்ஸைத் தோற்கடித்து, முதல் கறுப்பின உலகச் சம்பியனானார் ஜாக் ஜோன்சன். வெள்ளை அமெரிக்காவால் அதைச் செரிக்க முடியவில்லை. தோல்வியே காணாமல் 1905இல் ஓய்வுபெற்று, கலிபோர்னியாவில் பண்ணை நடத்திக்கொண்டிருந்த வெள்ளையரான முன்னாள் சம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸை, இனத்தின் மானத்தைக் காப்பாற்ற வா என்று பத்திரிகைகளும் பொதுமக்களும் நச்சரித்தார்கள். ஊதிப்போன உடலிலிருந்து ஏறத்தாழ 100 பவுண்ட் எடையைக் குறைத்து, ஆறு ஆண்டுகளாகச் சண்டையே இடாத அந்த மனிதர், 1910 ஜூலை 4ஆம் திகதி ரீனோவின் கடும் வெயிலில் ஏறினார். பதினைந்தாவது சுற்றில், வாழ்க்கையில் முதல் முறையாகக் கீழே விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். அவருடைய தரப்பினர் சண்டையை நிறுத்தினார்கள். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. கூட்டத்தின் அடையாள வெறிக்குப் பதில் சொல்ல ஓர் ஓய்வுபெற்ற உடலை அனுப்பினால் நடப்பது இதுதான். நம் பேச்சில் அந்த வெறியின் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பதை அறிவேன். ஆனால், லூயிஸ் திரும்பிவந்து பிரித்தானியா யார் என்று காட்ட வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் கோரிக்கையின் எலும்புக்கூடு ஜெஃப்ரிஸை இழுத்துவந்த கோரிக்கையின் எலும்புக்கூடுதான்.

லூயிஸ் கடைசியாக மேடை ஏறியது 2003 ஜூன் 21ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸில். மோத வேண்டியிருந்த கனடியரான கேர்க் ஜோன்சன் காயத்தால் விலக, ஏறத்தாழ இரண்டு வார அவகாசத்தில் விட்டாலி கிளிச்கோ எதிரே வந்தார். லூயிஸுக்கு 37 வயது. எடை 256 பவுண்டுக்கு மேல், அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம். இரண்டாவது சுற்றில் கிளிச்கோவின் வலது கைக் குத்துகள் அவரைத் தள்ளாட வைத்தன. மூன்றாவது சுற்றில் லூயிஸின் வலது கை கிளிச்கோவின் இடது கண்ணுக்கு மேலே தோலைக் கிழித்தது. அதன்பின் அது தொழில்நுட்பச் சண்டையாக இருக்கவில்லை. இரு பெரிய மனிதர்கள், ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி கை வீசிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது சுற்றில் லூயிஸ் கீழிருந்து மேலே செலுத்திய ஓர் அப்பர்கட் கிளிச்கோவின் தலையையே பின்னுக்கு வீசியது. அந்தச் சுற்று முடிந்து, கிளிச்கோ மேலே பார்க்க முயன்றபோது இமை கண்ணை மறைத்ததைக் கண்ட மருத்துவர் சண்டையை நிறுத்தினார். மூன்று புள்ளியாளர்களும் 58-56 என்று கிளிச்கோவையே முன்னிலையில் வைத்திருந்தார்கள். மறுசண்டைக்கு அழுத்தம் இருந்தது. பெரும் பணமும் காத்திருந்தது. 2004 பெப்ரவரியில் லூயிஸ் ஓய்வை அறிவித்தார். 44 சண்டைகள், 41 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை. தம்மைத் தோற்கடித்த இருவரையும் மறுசண்டையில் வென்றாகிவிட்டது. ஜீன் டன்னி, ராக்கி மார்சியானோ ஆகியோரைப் போலப் பட்டத்தோடு விலகி, திரும்பிவராதவர் அவர்.

கிளிச்கோவுக்குப் பயந்து ஓடினார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. தம் கால்கள் சொன்னதை அவர் கேட்டார். அதைக் கேட்கத் தெரிந்த சம்பியன்கள் மிகக் குறைவு.

அவருடைய ஆட்டத்தை நுணுகிப் பார்த்தவர்களுக்கு, மீள்வருகை ஏன் அவருக்கு மற்றவர்களைவிடவும் ஆபத்தானது என்பது புரியும். இரு தோல்விகளும் ஒரே வகையில் வந்தவை. 1994 செப்டெம்பரில் வெம்ப்ளியில் ஒலிவர் மெக்கால், 2001 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் பிரக்பானில் ஹசிம் ரஹ்மான். இருவரும் ஒற்றை வலது கைக் குத்தால் அவரைச் சாய்த்தார்கள். பிரக்பான் கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் உள்ள இடம். ரஹ்மான் பல வாரங்களுக்கு முன்பே வந்து அந்தக் காற்றுக்குப் பழகிக்கொண்டார். லூயிஸ் மிகத் தாமதமாக வந்தார். ஐந்தாவது சுற்றில் கயிற்றில் சாய்ந்து சிரித்த கணத்தில் அந்தக் குத்து விழுந்தது. ஏழு மாதங்கள் கழித்து, ஒழுங்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, நான்காவது சுற்றில் அதே ரஹ்மானை மல்லாக்கக் கிடத்தினார். முழுத் தயாரிப்போடு வந்த லூயிஸை வென்றவர் எவருமில்லை என்றே சொல்லலாம்; தயாரிப்பில் குறை வைத்தால் அவருடைய தாடை அவரைக் காப்பாற்றாது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின்னான மீள்வருகை என்பதே தயாரிப்பின் குறையோடு தொடங்குவது. மெக்காலிடம் தோற்ற பிறகு அவரைத் தம் பொறுப்பில் எடுத்து, அந்த நீண்ட இடது கையை ஆயுதமாக்கி, பொறுமையைக் கற்பித்த பயிற்சியாளர் எமானுவேல் ஸ்டூவர்டும் 2012இல் காலமாகிவிட்டார். லூயிஸின் மூலையில் இனி நிற்கப்போவது யார்?

ஜோர்ஜ் ஃபோர்மன் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார். 1977இல் விலகி, 1987இல் திரும்பி, 1994 நவம்பரில் 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி மறுபடி உலகச் சம்பியனானார். ஆனால் பலரும் மறந்துவிடுவது, நடுவிலிருந்த ஏழு ஆண்டுகள். சிறிய அரங்குகளில், பெயர் தெரியாத எதிரிகளோடு அடிக்கடி சண்டையிட்டு, உடலையும் நேரக் கணிப்பையும் மீண்டும் கட்டியெழுப்பியவர் அவர். தாடையும் கருங்கல். அப்படியும் 1991இல் ஹோலிஃபீல்டிடம் புள்ளிகளில் தோற்றார். விட்டாலி கிளிச்கோவும் 2005இல் விலகி, 2008இல் திரும்பி, செமுவல் பீட்டரை வென்று பட்டத்தை மீட்டார். அப்போது அவருக்கு வயது 37, இடைவெளி நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. லூயிஸும் 2005 அல்லது 2006இல் திரும்பியிருந்தால் ஒரு பட்டத்தை வென்றிருக்கக்கூடும் என்றே நான் மதிப்பிடுகிறேன். அந்த வாசல் அப்போதே மூடிவிட்டது, மூடியவர் அவரே. இன்று அவருக்கு வயது அறுபது.

திரும்பிவந்து நொந்தவர்களின் வரிசை நீளமானது. வரிக் கடன் நெருக்கியதால் திரும்பிய ஜோ லூயிஸை 1951இல் இளம் மார்சியானோ எட்டாவது சுற்றில் கயிறுகளுக்கு வெளியே தள்ளினார். முகமது அலி 1980 ஒக்டோபரில் லரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடி வாங்கியதைப் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகும் 1981 டிசெம்பரில் பஹாமாஸின் நாசோவில் ஏறிய அலி, ட்ரெவர் பேர்பிக்கிடம் தோற்றார். அந்தப் பேர்பிக்கும் ஜமைக்காவில் பிறந்து கனடாவில் குடியேறியவர். சுற்றுகளை அறிவிக்க மணிகூட இல்லாமல், மாட்டு மணியை அடித்து நடத்தப்பட்ட நிகழ்ச்சி அது. உலகின் ஒப்பற்ற வீரர் ஒருவருடைய கடைசி மேடை அவ்வளவுதான்.

அண்மைய உதாரணங்கள் இதைவிட ஆறுதலானவை அல்ல. 2021 செப்டெம்பரில் 58 வயது ஹோலிஃபீல்ட், கலிபோர்னியாவில் நடக்கவிருந்து புளோரிடாவுக்கு மாற்றப்பட்ட நிகழ்ச்சியில், கலப்புச் சண்டை வீரரான விட்டோர் பெல்ஃபோர்ட்டிடம் முதல் சுற்றுக்குள்ளேயே வீழ்ந்தார். அமெரிக்காவில் உரிமம் வழங்குவது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், ஏற்பாட்டாளர்கள் இடம் தேடிக்கொள்ள முடிகிறது. 2024இல் டெக்சாஸில் டைசனும், யூடியூப் புகழோடு குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் போலும் மோதியபோது சுற்றுக்கு இரண்டு நிமிடம், எட்டுச் சுற்று, வழக்கத்தைவிடக் கனமான 14 அவுன்ஸ் கையுறை என்று விதிகளே வயதுக்கு ஏற்ப வளைக்கப்பட்டன. அந்த எட்டுச் சுற்றுகளில் டைசனால் 18 குத்துகளை மட்டுமே பதிக்க முடிந்தது. 2002 ஜூன் 8ஆம் திகதி மெம்ஃபிஸில் லூயிஸின் வலது கையால் எட்டாவது சுற்றில் மல்லாந்த டைசன், அன்று சண்டைக்குப் பிறகு, நேர்காணல் நடந்துகொண்டிருக்கும்போதே கையை நீட்டி லூயிஸின் கன்னத்திலிருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டார். அவர்கள் இருவரின் கணக்கும் அங்கேயே தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். அதை மறுபடி திறக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை சில. காட்சிச் சண்டை என்ற பெயரில்கூட லூயிஸை மேடைக்கு அழைக்கும் பேச்சுகளுக்கும் கையெழுத்து இயக்கங்களுக்கும் தோள்கொடுக்காதீர்கள். அறுபதைத் தொட்டவர்களின் சண்டைகளைப் பார்க்கப் பணம் கட்டுவதையும் நிறுத்துங்கள், ஏனென்றால் அந்தப் பணம்தான் அடுத்த மனிதரை அழைத்துவருகிறது. நம் விளையாட்டுக் கழகங்கள் அவரைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும், லண்டனில் பிறந்ததையும் ஜமைக்கப் பெற்றோரையும் கிச்சனரில் வளர்ந்ததையும் ஒன்றைக்கூட விடாமல் சேர்த்தே சொல்லுங்கள். கையுறை அணியத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஹோலிஃபீல்டுடனான முதல் சண்டையின் பன்னிரண்டு சுற்றுகளையும் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவர்களையே புள்ளி போடச் சொல்லி, கடைசியில் அதைத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடது கையின் வேலை என்னவென்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சண்டை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்களைப் போன்ற ஒரு குத்துச்சண்டை ரசிகன்